வரியை வாசித்துவிட்டு வாசித்தவர்கள்: ‘ரிவர் – த ஜோனி லெட்டர்ஸ்’

இந்த இசைத்தட்டுக்கு நான் இரண்டு தரம் காசு கொடுத்தேன். முதல் தரம் ஆறு டொலர், ரொறன்ரோவில் ஒரு பழைய சீடிக் கடையில். பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது தட்டின் பின்பக்கத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கீறல். காசு வாங்கும் பெடியனிடம் காட்டினேன். ‘அதெல்லாம் ஓடும்’ என்றான். ஓடியது, நாலு பாட்டு. ஐந்தாவது பாட்டின் நடுவில் சாக்ஸபோன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஜாஸ் என்றால் இப்படித்தானாக்கும் என்று அரை நிமிடம் பொறுமையாக இருந்தேன். பிறகுதான் விளங்கியது, அது சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷோர்ட்டரின் கற்பனை இல்லை, கீறலின் வேலை. திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். இரண்டு கிழமை கழித்துப் புதிதாகவே ஒன்று வாங்கினேன். இரண்டு தரம் காசு கொடுத்தும் வயிறு எரியவில்லை என்றால் அதுவே பாதி மதிப்புரை.

‘ரிவர்: த ஜோனி லெட்டர்ஸ்’ பியானோக்காரர் ஹேர்பி ஹான்கொக்கின் இசைத்தட்டு. 2007 செப்டெம்பர் 25 வேர்வ் நிறுவனம் வெளியிட்டது. கனடாவின் ஜோனி மிச்செல் எழுதிப் பாடிய பாட்டுகளை ஜாஸ்காரர்கள் எடுத்து வேறு விதமாக வாசித்திருக்கிறார்கள். மொத்தம் பத்து. எட்டு ஜோனியுடையவை, மற்ற இரண்டும் அவர் மனதுக்கு நெருக்கமான ஜாஸ் உருப்படிகள். ஆறில் குரல் உண்டு, நாலில் வாத்தியம் மட்டும். எழுபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்த வருடம் பெப்ரவரியில் கிராமி விருதில் அந்த வருடத்தின் சிறந்த இசைத்தட்டு என்று இதன் பெயரை வாசித்தபோது பலபேருக்கு வாய் பிளந்துவிட்டது. போட்டியில் இருந்தவர்கள் ஏமி வைன்ஹவுஸும் கன்யே வெஸ்டும். 1965இல் ஸ்டான் கெட்ஸும் ஜோவோ ஜில்பேர்ட்டோவும் சேர்ந்து செய்த இசைத்தட்டுக்குப் பிறகு ஒரு ஜாஸ் தட்டுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. நாற்பது வருடத்துக்கு மேலே. ஹான்கொக்குக்கு அப்போது 67. அந்த வயதில் எங்களிடம் என்றால் பொன்னாடை போர்த்தி ஒரு மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். ஹான்கொக்குக்கு அப்போது 67.

எனக்கு ஜோனி மிச்செலை அறிமுகப்படுத்தியது ஜாஸ் இல்லை, ஒரு முதிய அம்மா. நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. அங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, சஸ்காட்சுவான் பக்கம் பிறந்து வளர்ந்தவர், மார்கழி பிறந்தால் போதும், படுக்கப் போகமுன் ‘ப்ளூ’ என்ற சீடியில் ஒரே ஒரு பாட்டைப் போடச் சொல்வார். ‘ரிவர்’. ஜிங்கிள் பெல்ஸ் மாதிரித் தொடங்கும், பிறகு பார்த்தால் அழுகிற பாட்டு. நத்தார் வருகிறது, மரம் வெட்டுகிறார்கள், எல்லாரும் சந்தோசமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஒரு உறைந்த ஆறு இருந்தால் வழுக்கிக்கொண்டே போய்விடுவேன் என்று அந்தப் பெண் பாடுகிறாள். ‘ஏன் ஆறு?’ என்று கேட்டேன். ‘அவள் கலிபோர்னியாவில் இருக்கிறாள், அங்கே பனி இல்லை. ஊருக்கு ஏங்குகிறாள்’ என்றார் அந்த அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் சண்டிலிப்பாய்ப் பக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு என்று இருக்கிற ஒரே ஆறு எங்கள் பக்கத்தால்தான் போகும், அதுவும் மழைக்கு மட்டும். அதன் பெயரே வழுக்கியாறு. ஜோனி தேடின ஆற்றை எங்கள் ஆட்கள் எப்போதோ பெயர் வைத்து வைத்திருக்கிறார்கள், உறைவதற்குத்தான் வழியில்லை. பனி இல்லாத இடத்தில் இருந்து அவர் பனிக்கு ஏங்குகிறார். பனிக்குள் நின்று நான் கோடையில் வறண்டு கிடக்கிற அந்த வாய்க்காலுக்கு ஏங்குகிறேன். அந்த அம்மாவின் மகள் வந்து சாமான்கள் ஏற்றின அன்று அந்தச் சீடியை என் கையில் தந்துவிட்டுப் போனார். ‘ப்ளூ’ 1971இல் வந்தது. அதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க் கடைசியில் ஹான்கொக்கிடம் வந்து நின்றேன்.

ஜாஸ் எனக்கு அவ்வளவாக விளங்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் வயலின் தெரியும். பத்து வருடம் பழகினேன், இயக்கமும் ஆமியும் மாறி மாறி வந்த காலத்திலும் விடாமல். எங்கள் ரீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிய கீர்த்தனை தொடங்கினால் முதல் இரண்டு வகுப்பும் வயலின் பெட்டியைத் திறக்க விடமாட்டா. கொப்பியில் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, எழுதவேணும், கருத்துச் சொல்லவேணும், பாடிக் காட்டவேணும். ‘வாயால வராதது வில்லால வராது’ என்பா. எந்த எழுத்தில் வில்லை மாற்றுவது, எந்தச் சொல்லுக்கு நடுவில் மாற்றக்கூடாது என்பதெல்லாம் சாகித்தியம் தெரிந்தால்தான் கைக்கு வரும். வாத்தியத்தில் சொல் இல்லை, ஆனால் சொல் தெரியாமல் வாசித்தால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த இசைத்தட்டை எப்படிச் செய்தார்கள் என்று வாசித்தபோது அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹான்கொக் தான் அதுவரை பாட்டின் வரிகளைப் பெரிதாகக் கவனித்ததே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஜாஸ்காரருக்குக் கோர்டும் (ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கிற சுரங்கள்) தாளமும் மெட்டும்தான் பாட்டு, சொல் பாடகரின் பாடு. இந்த முறை அவரும் தயாரிப்பாளர் லாரி க்ளைனும் முதலில் செய்தது வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கதைத்ததுதான். பாட்டு வரிகளைத் தாளில் எடுத்து வாத்தியக்காரர்களிடம் கொடுத்து, இந்தப் பெண் எங்கே நிற்கிறாள், யாருக்குச் சொல்கிறாள் என்று பேசிவிட்டுத்தான் வாசிக்கப் போனார்கள். தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வயலினையும் வாசிக்கிறோம். இவர்கள் இரண்டையும் அந்த வரிசையிலேயே செய்திருக்கிறார்கள். ரீச்சர் இருந்தால் அந்த மனிசனுக்குத் தட்டிக் கொடுத்திருப்பா.

அதன் பலன் எங்கே தெரிகிறது என்றால், குரல் இல்லாத இடத்தில். ‘போத் சைட்ஸ் நவ்’ என்ற பாட்டை எடுங்கள். ஜோனியின் பாட்டுகளிலேயே ஊர் உலகமெல்லாம் தெரிந்த பாட்டு இதுதான். 1967இல் ஜூடி கொலின்ஸ் பாடிப் புகழ் பெற்றது, 1969இல் ஜோனியே பாடினார். முகிலை ஒரு பக்கம் இருந்து பார்த்தேன், மறுபக்கம் இருந்தும் பார்த்தேன், கடைசியில் முகில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்பதுதான் கருத்து. முகிலைப் போலவே காதலும், சீவியமும். இருபது சொச்சம் வயதில் எழுதியது.

ஹான்கொக் அதைத் தனியாகப் பியானோவில் தொடங்குகிறார். எனக்கு அந்த மெட்டு மனப்பாடம். அப்படியிருந்தும் முதலில் எங்கே மெட்டு என்று தேடவேண்டி இருந்தது. ஒரு சுரம் வருகிறது, ஓ இதுதான் முதல் வரி என்று பிடிக்கப் போனால் அடுத்த கோர்ட் அதை வேறு எங்கேயோ தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. எங்கள் ஆலாபனையில் முதல் இரண்டு பிடியிலேயே ராகம் இன்னது என்று காட்டிவிடவேணும், சபை குழம்பக்கூடாது. இவர் செய்வது அதற்கு நேர்மாறு. முகத்தைக் காட்டாமல் சேலைத் தலைப்பை மட்டும் காட்டிக்கொண்டு போகிறார். மூன்றாவது தரம் கேட்கும்போதுதான் எனக்கு உறைத்தது: முகிலைப் பற்றின பாட்டை வேறு எப்படி வாசிப்பது? கையில் பிடிபடாதது என்றுதானே பாட்டே சொல்கிறது. மெட்டை நேராக வாசித்திருந்தால் வரிக்கு விரோதமாகப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு ஷோர்ட்டரின் சாக்ஸபோன் வருகிறது. வருகிறது என்பதைவிட எட்டிப் பார்க்கிறது என்று சொல்லவேணும். இரண்டு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த இடைவெளியில் டேவ் ஹோலண்டின் பேஸ் என்ற கீழ்ச்சுர வாத்தியம் ஒரு அடி வைக்கும். திரும்ப இரண்டு சொல். எங்களோடு இருக்கிற வயது போனவர்கள் இரவு இரண்டு மணிக்கு நித்திரை வராமல் கதைப்பது இப்படித்தான். அரைவாசி சொல்வார்கள், மிச்சம் உனக்குத் தெரியும்தானே என்று விட்டுவிடுவார்கள். ஷோர்ட்டருக்கு அது தெரிந்திருக்கிறது. அவரும் ஜோனியும் 1977 தொடக்கம் கால் நூற்றாண்டாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள், ஹான்கொக்கும் ஷோர்ட்டரும் அதற்கும் முதல், அறுபதுகளில், ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த காலத்துக் கூட்டாளிகள். புதிதாகச் சந்தித்த ஆட்களால் இப்படிப் பாதியில் நிறுத்த முடியாது, மற்றவர் பிடித்துக்கொள்வாரோ என்ற பயம் இருக்கும்.

ஏன் ஜோனியின் பாட்டுகள் ஜாஸ்காரருக்கு இப்படி இடம் கொடுக்கின்றன என்பதற்கு ஒரு கை காரணம். அவருக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. இடது கைக்குப் பலம் போதாது. கிட்டாரில் எல்லாரும் பிடிக்கிற மாதிரி விரலை முறித்துப் பிடிக்க முடியாதபடியால் கம்பிகளின் சுருதியையே தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சுருதி என்று அது வளர்ந்துபோனது. அதனால் அவருடைய கோர்ட்கள் புத்தகத்தில் உள்ள கோர்ட்கள் இல்லை. ஒரு முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டு நிற்கும். கேள்வி கேட்கிற கோர்ட்கள் என்று அவரே சொல்வார். கேள்வியாக விட்டதற்குத்தானே மற்றவர் பதில் சொல்லலாம்? முடித்து முத்திரை குத்தின பாட்டில் ஹான்கொக்குக்கு வேலை இல்லை.

இன்னொரு விசயம், இவர்கள் ஜோனிக்கு வெளியாட்கள் இல்லை. ஜோனி, சாகக் கிடந்த ஜாஸ் மேதை சார்ல்ஸ் மிங்கஸோடு சேர்ந்து தொடங்கி 1979இல் வெளிவந்த ‘மிங்கஸ்’ இசைத்தட்டில் ஹான்கொக்கும் ஷோர்ட்டரும் வாசித்திருக்கிறார்கள். இதில் ட்ரம்ஸ் வாசிக்கிற வின்னி கொலாயூட்டா எண்பதுகளில் ஜோனியின் குழுவில் இருந்தவர். தயாரிப்பாளர் க்ளைன் ஜோனியின் முன்னாள் கணவர். ‘அமீலியா’ பாடுகிற பிரேசில்காரி லூசியானா சூசா க்ளைனின் இப்போதைய மனைவி. எங்கள் ஊரில் என்றால் இந்த மூன்று பேரையும் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருத்தி எழுப்புவதற்குள் மாமாக்களுக்குச் சீவன் போய்விடும். இவர்கள் என்னவென்றால் சேர்ந்து கிராமி வாங்குகிறார்கள்.

குரல் உள்ள பாட்டுகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இசைத்தட்டோடு கொஞ்சம் கோபம்.

டீனா டேர்னரில் கோபம் இல்லை, அவர் எடுத்தது ‘எடித் அண்ட் த கிங்பின்’. ஒரு சின்ன ஊருக்கு ஒரு சண்டியன் வருகிறான், பெண்களை வைத்துப் பிழைப்பவன், எடித்தைப் பார்க்கிறான். பாட்டு முடிகிற இடத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள், யார் முதலில் கண்ணை எடுப்பது என்ற வீம்பு. டீனா டேர்னர் என்றால் மேடையைக் கிழித்துக்கொண்டு பாடுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே குரலை ஒருதரமும் உயர்த்தவில்லை. வீட்டு வாசல்படியில் இருந்து அயலவளுக்குக் கதை சொல்வது மாதிரி, தான் எல்லாம் பார்த்துவிட்டேன் என்ற தோரணையில், சொல் சொல்லாகப் பாடுகிறார். அறுபதைக் கடந்த குரல். ஜோனி 1975இல் பாடியதைக் கேட்டால் எடித்தை வெளியே நின்று பார்த்துச் சொல்வது போல இருக்கும். டீனா பாடினால் எடித்தே வந்து சொல்வது போல இருக்கிறது. இந்தத் தட்டில் குரலுக்காகவே ஒரு பாட்டு வாங்கவேணும் என்றால் இதை வாங்குங்கள். ஒரு உபகதை: ஹான்கொக், ஷோர்ட்டர், டீனா மூவரும் சோகா கக்காய் பௌத்தர்கள். ஒரே மந்திரத்தைச் சொல்கிறவர்கள். அதற்கும் இந்த நிதானத்துக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

முதல் பாட்டு நோரா ஜோன்ஸ் பாடும் ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’. குரல் வடிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. வீட்டு வாசலில் படுக்கைச் சுருளோடும் பைத்தியக்கார மனதோடும் ஒருத்தன் வந்து நிற்கிறான் என்று தொடங்கும் பாட்டு. நோரா பாடும்போது வந்தவன் தபால்காரன் மாதிரி இருக்கிறது. வரியை உண்மையில் வாசித்தது பின்னால் உள்ள பியானோதான். குரல் முடிந்த பிறகு ஹான்கொக்கும் ஷோர்ட்டரும் தனியே போகிற பகுதியில்தான் அந்தப் பைத்தியம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

‘ரிவர்’ பாடுவது கொறின் பெய்லி ரே. எனக்கு இதில் பக்கசார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மார்கழி இரவுகளில் அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று கேட்ட பாட்டு. பெய்லி ரே இளம் பிள்ளை மாதிரி, மெல்லிய கொஞ்சலோடு பாடுகிறார். ஜோனியின் பாட்டில் தன்னைத் தானே குற்றம் சொல்கிற ஒரு இடம் வரும், தான் பிடிவாதக்காரி, சுயநலக்காரி, அதனால் கையில் இருந்ததை இழந்தேன் என்று. அந்த வரியை ஜோனி முகத்தில் அறைந்தமாதிரிச் சொல்வார். இங்கே அது மன்னித்துவிடுங்கோ சேர் என்ற மாதிரிக் கடந்து போகிறது. ஆனால் என் மகளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ‘அம்மா, உங்களுக்கு எல்லாரும் அழவேணும்’ என்றாள். இருக்கலாம்.

‘அமீலியா’ வேறு கதை. 1937இல் பசிபிக் கடலுக்கு மேலே விமானத்தோடு காணாமல் போன அமீலியா ஏர்ஹார்ட்டை விளித்து, பாலைவனத்தில் தனியாகக் கார் ஓடிக்கொண்டு போகிற ஒரு பெண் பாடுவது. ஜோனி உண்மையாகவே அமெரிக்காவைக் குறுக்காகத் தனியே ஓடிக் கடந்து வந்து எழுதிய இசைத்தட்டு அது, 1976, பெயர் ‘ஹெஜிரா’. ஹிஜ்ரத் என்ற அரபுச் சொல்தான். புலம்பெயர்வு. கனடாவில் ஒரு வெள்ளைக்காரப் பாடகி தன் இசைத்தட்டுக்குப் புலம்பெயர்வு என்று பெயர் வைத்தது எங்கள் இலக்கியக்காரர்கள் அந்தச் சொல்லைக் கையில் எடுப்பதற்குப் பத்து வருடம் முன்னால். லூசியானா சூசா இதை அலட்டாமல், அழுத்தாமல் பாடுகிறார். ஆறேழு தடவை திரும்பி வரும் கடைசி வரியை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் இறக்கி வைக்கிறார். பெனின் நாட்டுக்காரர் லயனல் லுவேக்கேயின் கிட்டார் கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுவது மாதிரிக் கேட்கும். விடிய ஏழு மணிக்கு வேலை முடிந்து 401 பெருந்தெருவில் வரும்போது நான் அதிகம் போடுவது இதைத்தான்.

ஜோனியே ஒரு பாட்டுப் பாடுகிறார், ‘ரீ லீஃப் ப்ரொஃபெசி’. அவருடைய தாயும் தகப்பனும் உலகப்போர்க் காலத்தில் சந்தித்த கதை. தேத்தண்ணிக் கோப்பையின் அடியில் கிடக்கிற இலையைப் பார்த்துச் சாத்திரம் சொல்கிற ஒருத்தி, ஒரு மாதத்துக்குள் உனக்குக் கலியாணம் என்று சொல்லிவிடுகிறாள். ஆம்பிளைகள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்ட ஊரில் மாப்பிள்ளை எங்கே இருந்து வரும் என்று அந்தப் பெண் சிரிக்கிறாள். மாப்பிள்ளை வந்துவிடுகிறான், விடுப்பில் வந்த விமானப்படைக்காரன். 1988இல் அவர் முதலில் பாடியபோது அதில் எண்பதுகளின் கீபோர்ட் பளபளப்பு நிறைய. இங்கே அதெல்லாம் கழன்று விழுந்து, சிகரெட்டில் காய்ந்து கீழே இறங்கின குரல் மட்டும் நிற்கிறது. உச்சத்தில் பறந்து திரிந்த பழைய குரல் இல்லை. ஆனால் ஆயுதத்தைக் கீழே வை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற இடத்தில் நான் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கேட்டேன். இப்படிச் சொல்ல ஆள் இல்லாத ஊரில் இருந்து வந்தவள் நான்.

‘சொலிட்யூட்’டும் ‘நெஃபர்டிட்டி’யும் ஜோனி எழுதாதவை. முதலாவது டியூக் எலிங்டனுடையது, பில்லி ஹொலிடே பாடி ஜோனியின் மனதில் பதிந்தது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, தாலாட்டு மாதிரி. இரண்டாவது ஷோர்ட்டர் எழுதியது. 1967இல் மைல்ஸ் டேவிஸ் குழு பதிவு செய்தபோது ஒரு வேடிக்கை செய்தார்கள். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் மெட்டை மட்டும் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டே இருக்க, அடியில் பியானோவும் பேஸும் ட்ரம்ஸும்தான் கற்பனை செய்தன. அதாவது பாடகர் ஒரே வரியை விடாமல் பாடிக்கொண்டிருக்க மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் போட்ட மாதிரி. நிரவலுக்கு, ஒரே வரியை எடுத்து வேறு வேறு விதமாக விரித்துப் பாடுவதற்கு, பழகின காதுக்கு இது சட்டென்று பிடிபடும். இந்த இசைத்தட்டில் அந்த ஒழுங்கைக் கலைத்து, மெட்டையே அங்கங்கே கிள்ளித் தெளித்திருக்கிறார்கள். நல்லாயிருக்கிறது. ஜோனிக்கு எழுதின கடிதக்கட்டில் இது யாருக்கு எழுதின கடிதம் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

முறைப்பாடு என்று எடுத்தால் ஒன்றுதான், ஆனால் பெரிது. எல்லாம் ஒரே மெதுவான நடை. விளம்பகாலத்திலேயே ஒரு முழுக் கச்சேரி. கொலாயூட்டா எவ்வளவு பெரிய கைகாரர், அவரைப் பாதிநேரம் பிரஷ்ஷால் தடவ விட்டிருக்கிறார்கள். ஐந்தாவது ‘ஸ்வீட் பேர்ட்’ எட்டு நிமிடத்துக்கு மேல். கீறல் இல்லாத தட்டில் அதைக் கேட்டபோது பழைய தட்டு எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறது என்று ஒரு கணம் பட்டது. ஜோனியிடம் குறும்பு உண்டு, நக்கல் உண்டு, துள்ளுகிற பாட்டுகள் எத்தனையோ உண்டு. ஹான்கொக்கிடமும் உண்டு, ‘ஹெட் ஹன்டர்ஸ்’ என்ற துள்ளலான இசைத்தட்டைச் செய்த மனிசன். இரண்டு குறும்பரும் சேர்ந்த இடத்தில் சிரிப்பே இல்லை என்றால் எப்படி? கவனிக்காமல் ஓடவிட்டால் நல்ல சாப்பாட்டுக்கடையின் பின்னணி இசையாகிப் போகும் ஆபத்து இதற்கு உண்டு, நிறையப் பேர் அப்படித்தான் கேட்டும் இருப்பார்கள்.

கேட்கிற விதத்தைப் பற்றி: காரில் என்றால் குரல் உள்ள பாட்டுகள் மட்டும் போடுங்கள். பதிவு அவ்வளவு அடங்கின பதிவு. ஹான்கொக் விரலைத் தொட்டும் தொடாமலும் வைக்கிற இடமெல்லாம் ரயர்ச் சத்தத்தில் போய்விடும், சத்தத்தைக் கூட்டினால் சாக்ஸபோன் திடீரென்று வந்து காதைக் குத்தும். எனக்குச் சரிவந்தது வீட்டில், எல்லாரும் படுத்த பிறகு, ஹெட்ஃபோனில். அதில் கேட்டால் ஷோர்ட்டர் ஊதமுன் மூச்செடுப்பதுகூடக் கேட்கும். அவர் 2023 மார்ச்சில் போய்விட்டார், டீனா டேர்னர் அதே வருடம் மே மாதம். அந்த மூச்சு இப்போது கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கிறது.

ஜோனியை முன்பின் தெரியாதவர்கள் இதில் தொடங்கவேண்டாம். முதலில் ‘ப்ளூ’, பிறகு ‘ஹெஜிரா’, அதற்குப் பிறகு இது. சாகித்தியம் தெரியாமல் நிரவல் கேட்டால் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாது, அதே நிலைமைதான். ‘எ கேஸ் ஒஃப் யூ’ வாத்தியத்திலும், ‘ஓல் ஐ வோண்ட்’ சோன்யா கிச்செல் குரலிலும் மேலதிகமாகச் சேர்ந்த பதிப்பும் உண்டு. கிடைத்தால் அதை எடுங்கள். இந்தத் தட்டு வெளிவந்த அதே நாளில்தான் ஜோனியின் சொந்தப் புதுத் தட்டு ‘ஷைன்’னும் கடைக்கு வந்தது, அதை வாங்க அவசரப்படவேண்டாம். பழைய சீடி வாங்குகிறவர்கள் கடையிலேயே ஐந்தாம் பாட்டை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடைசிப் பாட்டைச் சொல்லவில்லை. ‘த ஜங்கிள் லைன்’. ஜோனி 1975இல் செய்தபோது புருண்டி நாட்டு முரசுகளின் பதிவை ஓடவிட்டு, அதன் மேல் சிந்தசைசரை உறும விட்டுப் பாடினார். ஓவியர் ஹென்றி ரூஸோவின் காடு நகரத்துக்குள் புகுந்து வருகிற பாட்டு. ஹான்கொக் முரசை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டார். பியானோ ஒன்று, பாடகரும் கவிஞருமான லெனாட் கோஹனின் குரல் ஒன்று, வேறு எதுவும் இல்லை. கோஹன் பாடவில்லை. கிணற்றடியில் இருந்து வருகிற மாதிரி ஒரு குரலில், அவசரமில்லாமல், வரி வரியாகச் சொல்கிறார். அறுபதுகளில் அவரும் ஜோனியும் கொஞ்சக் காலம் காதலித்தவர்கள், இரண்டு பேரும் கனடாக்காரர். 2016இல் அவர் இறந்தது நவம்பர் 7, ஜோனியின் பிறந்தநாளில். அவர் சொல்லச் சொல்லப் பியானோ ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் காட்டை வளர்த்துக்கொண்டே போகிறது. முரசு இல்லாமலே முரசு கேட்கிறது. பத்திலும் துணிச்சலான வேலை இதுதான், ஐந்து நிமிடம்.

போன ஞாயிறு இதைக் குசினியில் போட்டுவிட்டு நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் மேலே இருந்து இறங்கி வந்து, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு கேட்டார்: ‘ஆர் இந்த ஆள்? பாடேல்லையோ, சும்மா வாசிக்கிறாரோ?’

ஓம், வாசிக்கிறார் என்றேன்.